சதம் தவறாது, பெயர் தவறும்

கணினியில் அச்சான ஒரு சம்பளத் துண்டைக் கையில் எடுங்கள். பசறை, ஹாலிஎல, தெமோதரை, நமுனுகுல, எந்தப் பக்கத்துத் தோட்டமானாலும் சரி. அந்த மாதம் எத்தனை பேர், மேலதிகக் கொழுந்து எத்தனை கிலோ, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், தீபாவளி முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எல்லாம் வரிசையாக இருக்கும். (மலையகத்துக்கு வெளியே வாழும் வாசகருக்காக: செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ போடுவார்கள், அரை நாளுக்கு அரைப்பேர்.) கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு சதம்கூடப் பிசகாது.

அதே கணினியில் தமிழ்ப் பெயரை அச்சிடச் சொன்னால் சில வேளை வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். அல்லது பெயரின் வால் அறுந்திருக்கும். சம்பளத் துண்டில் மட்டுமல்ல, ஆஸ்பத்திரிச் சீட்டிலும் வங்கிக் கடிதத்திலும் பாடசாலைப் பட்டியலிலும் இந்தக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேரின் கணக்கைப் பிழையில்லாமல் வைத்திருக்கும் பொறிக்கு, ஒரு பெண்ணின் பெயரை அவள் சொன்னபடியே வைத்திருக்க ஏன் முடியவில்லை?

விடை இருப்பது தரவுத்தளத்தில். தகவல்களை ஒழுங்காக அடுக்கி, பாதுகாத்து, கேட்டபோது எடுத்துத் தரும் மென்பொருளுக்குத் தரவுத்தளம் என்று பெயர். சம்பள மென்பொருள் எழுதுபவர் இதைத் தானே உருவாக்குவதில்லை. ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் ஒன்றை எடுத்து, அதன்மேல் தன் மென்பொருளைக் கட்டுகிறார். இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. விலைகொடுத்து உரிமம் வாங்க வேண்டியவையும் உண்டு. விலைக்கு வருவனவற்றில் ஒராக்கிளும் மைக்ரோசொஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும் உலகெங்கும் ஆழமாக வேரூன்றியவை. அவை எதில் கெட்டிக்காரத்தனம் காட்டும், எங்கே கைவிடும் என்பதை ஒரே ஓர் உதாரணத்தின் வழியே பார்ப்போம்.

பதுளை நகரில் ஓர் இளைஞர், பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குச் சம்பள மென்பொருள் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தோட்டத்துப் பெண் தொழிலாளி ஒருவருக்கு முத்துலட்சுமி என்று பெயரிடுவோம். அவருடைய ஒரு மாதச் சம்பளம்தான் நம் பாடம்.

செக்ரோல் அட்டவணையாகும்போது

செக்ரோலே ஒரு தரவுத்தளம்தான். ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். ஆனால் தோட்டத்து ஆபிஸில் ஒரே தகவல் பல புத்தகங்களில் கிடக்கும். முத்துலட்சுமியின் பெயர் செக்ரோலில் ஒருமுறை, கொழுந்து நிறுவைப் புத்தகத்தில் ஒருமுறை, முற்பணப் பேரேட்டில் ஒருமுறை, சேமலாப நிதிப் படிவத்தில் ஒருமுறை. ஒன்றில் ‘முத்துலெட்சுமி’, இன்னொன்றில் ‘முத்துலக்சுமி’. முப்பது ஆண்டு உழைத்து ஓய்வு பெறும்போது சேமலாப நிதியைப் பெறப் போனால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியிருக்கும்.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கணிதவியலாளர் எட்கர் கொட் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு உண்மையையும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் எழுதுங்கள். மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் குறியுங்கள் என்பது அவர் யோசனையின் சாரம். ஆட்கள் அட்டவணையில் முத்துலட்சுமிக்கு ஓர் எண். நிறுவை அட்டவணையில் பெயர் கிடையாது, அந்த எண் மட்டும். பெயரை ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். இவ்வகை அமைப்பைத் தொடர்புசார் தரவுத்தளம் என்கிறோம். ஐ.பி.எம். இதை மெதுவாக ஆராய்ந்துகொண்டிருக்க, 1977இல் லாரி எலிசனும் நண்பர்கள் இருவரும் தொடங்கிய சிறு நிறுவனம் 1979இல் ஒராக்கிளைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. எஸ்.க்யூ.எல். சர்வர் 1989இல் வந்தது. சைபேஸ் என்ற நிறுவனத்தோடு கூட்டாகத் தொடங்கி, பின்பு மைக்ரோசொஃப்ட் தனதாக்கிக்கொண்ட பொருள் அது.

மின்சாரம் நின்ற நொடி

முத்துலட்சுமிக்கு அந்த மாதம் 20 பேர். சம்பள நிர்ணய சபை 2024 செப்டெம்பரில் அறிவித்த நாட்சம்பளமான 1,350 ரூபாவைக் கொண்டு கணக்குப் போடுவோம்: 27,000 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2,160. முற்பணத் தவணை 1,500, சங்கச் சந்தா 200 என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 23,140. தோட்டம் தன் பங்காகச் சேமலாப நிதிக்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் போட வேண்டும்: 3,240, 810.

ஒரே ஆளுக்கு ஏழு பதிவுகள்: சம்பளம், இரண்டு சேமலாபத் தொகைகள், நம்பிக்கை நிதி, முற்பண மீதி, சந்தா, வங்கிக்குப் போகும் தொகை. இவை ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும்போது ஐந்தாவதோடு மின்சாரம் நிற்கிறது. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேர மின்வெட்டு இருந்தது. மழைக்காலத்தில் மலையகத்து மின்கம்பிமேல் மரம் விழுவது புதிதல்ல. விளைவைப் பாருங்கள். முற்பண மீதி 9,000இலிருந்து 7,500 ஆகிவிட்டது. வங்கிக்கான தொகை எழுதப்படவில்லை. மின்சாரம் வந்ததும் கிளாக்கர் மறுபடி ஓட்டினால் முற்பணம் இரண்டாம் முறையும் கழியும். 1,500 ரூபா யாருடைய கண்ணிலும் படாமல் முத்துலட்சுமியின் கையை விட்டுப் போகும்.

நல்ல தரவுத்தளம் இதை நடக்க விடாது. ஏழு பதிவுகளையும் ஒரே கட்டாகக் கட்டச் சொல்லி மென்பொருள் எழுதுபவர் கட்டளையிடலாம். அந்தக் கட்டுக்குப் பரிவர்த்தனை என்று பெயர். ஏழும் நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது. இடைநிலை என்று ஒன்று கிடையாது.

எப்படி முடிகிறது? மலையில் நிறுத்த கொழுந்தைக் கங்காணி முதலில் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்; ஆபிஸ் பேரேட்டில் ஏறுவது பிறகுதான். பேரேடு நனைந்துபோனாலும் குறிப்புப் புத்தகத்தை வைத்து மறுபடி எழுதிவிடலாம். தரவுத்தளமும் அப்படித்தான். அட்டவணையில் கைவைக்கும் முன், என்ன செய்யப்போகிறது என்பதை முன்பதிவேடு ஒன்றில் எழுதி, அது வன்தட்டில் உறுதியாகப் பதிந்ததா என்று பார்த்துக்கொள்கிறது. கட்டு முழுதும் முடிந்ததும் ‘முடிந்தது’ என்று ஒரு வரி. மின்சாரம் வந்து மீண்டும் எழும்போது முதலில் முன்பதிவேட்டைத்தான் வாசிக்கும். ‘முடிந்தது’ என்ற வரி உள்ள கட்டுகளில் விடுபட்டதை நிறைவு செய்யும். அந்த வரி இல்லாதவற்றின் சுவட்டையே அழிக்கும். முற்பண மீதி 9,000க்குத் திரும்பிவிடும். கிளாக்கர் நிம்மதியாக மறுபடி ஓட்டலாம்.

பல பத்தாண்டுகளாக வங்கிகளும் விமான நிறுவனங்களும் தம் பணத்தைப் பணயம் வைத்து இந்தப் பொறிமுறையைச் சோதித்திருக்கின்றன. வணிகத் தரவுத்தளத்தின் முதல் பலம் இதுதான். பதுளையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து எழுதும் இளைஞருக்கு, இவ்வளவு முதிர்ந்த ஒரு பொறி கையில் கிடைப்பது சாதாரண விஷயம் அல்ல.

இரண்டு கிளாக்கர், ஒரு வரி

மாதக் கடைசியில் பெரிய கிளாக்கர் தோட்டம் முழுவதுக்குமான அறிக்கை எடுக்கிறார். அதே நேரம் இன்னொருவர் அன்றைய அந்திக் கொழுந்தைப் பதிகிறார். ஒருவர் வாசிக்கும் வரியை மற்றவர் மாற்றினால் அறிக்கையில் பாதி பழையதும் பாதி புதியதுமாக வரும். இதைத் தடுப்பதிலும் இரு தயாரிப்புகளும் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன, வழிகள்தான் வேறு.

ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வாசிக்க வந்தால், ஒராக்கிள் அவருக்குத் திருத்தத்துக்கு முந்தைய பழைய வடிவத்தைக் காட்டும். வாசிப்பவர் எழுதுபவரை நிறுத்துவதில்லை, எழுதுபவரும் வாசிப்பவரை நிறுத்துவதில்லை. எஸ்.க்யூ.எல். சர்வரோ இயல்பாகப் பூட்டுப் போடும்; திருத்தம் முடியும்வரை வாசிப்பவர் காத்திருக்க வேண்டும். ஒராக்கிள் வழியில் நடக்கச் சொல்லும் ஒரு தெரிவு அதிலும் உண்டு, ஆனால் அதை நாமாகத் திறந்துவிட வேண்டும். அறியாதவர் எழுதிய மென்பொருள் பத்துப் பேர் பயன்படுத்தும்வரை நன்றாக ஓடி, சம்பள நாளன்று மட்டும் உறைந்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இன்னொரு பலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘7ஆம் நம்பர் மலையில் இந்த மாதம் 18 பேருக்குக் குறைவாக உள்ளவர் யார்’ என்று கேட்டால் போதும். எந்த அட்டவணையை முதலில் திறப்பது, தேடலை விரைவாக்கும் எந்தச் சுட்டியைப் பிடித்துப் போவது என்பதையெல்லாம் தரவுத்தளமே தீர்மானிக்கும். போன வழியைப் படமாக வரைந்தும் காட்டும். எந்த இடத்தில் நேரம் போனது என்பது அதில் தெரியும். மென்பொருள் கற்கும் மாணவருக்கு அந்தப் படம் தரும் பயிற்சியைப் பல பாடப்புத்தகங்கள் தருவதில்லை.

பெயர் தொலைந்த இடம்

இனி அந்தக் கேள்விக்குறிகள். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் யுனிகோட் என்ற பொது ஏற்பாடு ஆளுக்கோர் எண் கொடுத்திருக்கிறது. தமிழில் அகரம் ஏறிய மெய்க்கு ஓர் எண், உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். ‘மு’ என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து; கணினிக்கு ‘ம’வும் உகரக் குறியுமாக இரண்டு.

முத்துலட்சுமியை எண்ணுவோம். மு, த், து, ல, ட், சு, மி: நமக்கு ஏழு எழுத்து. ‘ல’ ஒன்றைத் தவிர மற்ற ஆறும் இரண்டிரண்டு குறியெண்கள். ஆக மொத்தம் 13. இந்தப் பதின்மூன்றையும் இணையத்தில் பரவலாக உள்ள யு.டி.எஃப். 8 முறையில் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், அதாவது 39 பைட். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரே பைட் போதும்.

ஒராக்கிளில் ‘பெயருக்கு 30’ என்று இடம் ஒதுக்கினால், வேறு எதுவும் சொல்லாதவரை அந்த 30ஐ அது பைட் என்றே எடுத்துக்கொள்ளும். ஆங்கிலப் பெயருக்கு 30 எழுத்து. தமிழுக்குப் பத்துக் குறியெண். முத்துலட்சுமிக்கு 39 தேவை. ‘பெரிதாக இருக்கிறது’ என்று ஒராக்கிள் மறுத்துவிடும். அவசரத்தில் மென்பொருள் எழுதுபவர் என்ன செய்கிறார்? கொள்ளும் அளவுக்கு வெட்டி அனுப்புகிறார். பத்தாவது குறியெண்ணில் பெயர் நின்றுவிடும்: ‘முத்துலட்ச’. வால் அறுந்த பெயர்களின் கதை இதுதான். ‘30 எழுத்து’ என்று குறிப்பாகச் சொல்லியிருந்தால் இது நடந்திராது. ஒற்றைச் சொல் வித்தியாசம்.

எஸ்.க்யூ.எல். சர்வரில் நடப்பது இதைவிட மோசம். அதில் எழுத்துக்கு இரண்டு வகைப் பெட்டிகள். வார்ச்சார் என்பது பழையது. ஒரு குறிப்பிட்ட மொழிக்கூட்டத்தின் எழுத்துகளை மட்டும் கொள்ளும். என்வார்ச்சார் என்பது யுனிகோட் முழுவதையும் கொள்ளும். விண்டோஸின் பழைய மொழிக்கூட்டப் பட்டியல்களில் தமிழுக்கு இடமே இருக்கவில்லை. ஆங்கிலத்துக்கென அமைந்த வார்ச்சார் பெட்டியில் முத்துலட்சுமியைப் போட்டால், தெரியாத ஒவ்வொரு குறியெண்ணுக்கும் பதிலாக அது ஒரு கேள்விக்குறியை வைக்கும். பதின்மூன்று கேள்விக்குறிகள். பிழைச்செய்தி வராது, எச்சரிக்கையும் வராது. பெட்டி சரியாக இருந்து, கட்டளையில் பெயருக்கு முன் ‘என்’ என்ற ஓர் ஆங்கில எழுத்தைப் போட மறந்தாலும் இதே கதிதான். 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வார்ச்சாரையும் யு.டி.எஃப். 8 ஆக அமைக்க முடியும். ஆனால் அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மௌனத்தைத்தான் நான் பெரிய குறையாகக் கருதுகிறேன். சம்பளக் கட்டத்தில் ‘ஆயிரம்’ என்று எழுத்தில் போட்டுப் பாருங்கள். எண் வேண்டும் என்று அந்த நொடியே மறுக்கும். எண்ணுக்கு அவ்வளவு கறாரான காவல். தமிழ்ப் பெயர் வந்தபோது மறுத்திருந்தால்கூட எழுதியவர் தவறைக் கண்டுபிடித்திருப்பார். ஏற்றுக்கொண்டதுபோல் ஏற்றுக்கொண்டு, உள்ளே அழித்துவிடுகிறது. இந்தத் தயாரிப்புகளின் இயல்பான அமைப்புகள் ஆங்கிலத்திலும் மேற்கு ஐரோப்பிய மொழிகளிலும் எழுதும் வாடிக்கையாளரை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கப்பட்டவை. தமிழ் எழுதுபவருக்கு வசதி உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத் தெரியாதவரின் தவறுக்குப் பெயரைப் பறிகொடுப்பவர் முத்துலட்சுமி.

வாசகருக்குப் பயன்படும் ஒன்று. தமிழ் வரவேண்டிய இடத்தில் கட்டங்கள் தெரிந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம்; தகவல் பத்திரமாக இருக்கிறது, அச்சிடும் கணினியில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். விநோதமான ஐரோப்பிய எழுத்துகள் கலந்து வந்தால் தகவல் உண்டு, வாசிக்கும் முறை தவறு, அனேகமாக மீட்கலாம். கேள்விக்குறிகள் தரவுத்தளத்துக்குள்ளேயே பதிந்துவிட்டிருந்தால் மீட்க வழியில்லை. பதின்மூன்று குறியெண் உள்ள எல்லாப் பெயரும் அங்கே ஒன்றுபோலவே இருக்கும்.

நம் நாட்டில் நான்காவது ஒரு சிக்கலும் உண்டு: பாமினி. அரச அலுவலகங்களும் அச்சகங்களும் நெடுங்காலம் புழங்கிய இந்த எழுத்துருவில், திரையில் ‘முருகன்’ என்று தெரிவது உள்ளே நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எந்தப் பெட்டியிலும் சிக்கலின்றி உட்காரும், வெட்டுப்படாது, கேள்விக்குறியாகாது. அதனாலேயே பலர் அதை நம்பினார்கள். ஆனால் தரவுத்தளத்துக்கு அது ஆங்கிலச் சரம். அகரவரிசை கேட்டால் ஆங்கில வரிசை தரும். யுனிகோடில் ‘முருகன்’ என்று தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

‘இல்லை’யும் ‘தெரியாது’ம்

முத்துலட்சுமியின் தேசிய அடையாள அட்டை எண் என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அவரிடம் அட்டையே இல்லையா, அல்லது எண்ணை யாரும் இன்னும் கேட்டு எழுதவில்லையா?

தரவுத்தளங்களில் ‘தெரியாது’ என்பதைக் குறிக்கத் தனியொரு அடையாளம் உண்டு. ஆங்கிலத்தில் நல் என்பார்கள். நாம் வெறுமை என்று அழைப்போம். எழுத்தே இல்லாத வெற்றுச் சரம் என்பது வேறு. ‘கேட்டோம், இல்லை’ என்பதற்கு வெற்றுச் சரம், ‘இன்னும் தெரியாது’ என்பதற்கு வெறுமை என்று ஒருவர் ஒழுங்கு வைத்துக்கொள்ளலாம். எஸ்.க்யூ.எல். சர்வர் இரண்டையும் பிரித்தே வைக்கும். ஒராக்கிள் வெற்றுச் சரத்தை வெறுமையாகவே எடுத்துக்கொள்ளும். பொதுத் தரநிலைக்கு மாறான இந்தப் பழக்கம் அதன் தொடக்க காலத்திலிருந்து வருகிறது. எதிர்காலத்தில் மாறலாம் என்று அதன் கையேடே பல ஆண்டுகளாக எச்சரித்துக்கொண்டிருக்கிறது, மாறவில்லை. மாற்றினால் உலகெங்கும் அதை நம்பி எழுதிய மென்பொருள்கள் உடையும்.

வேறு ஊரில் இது சிறிய தொந்தரவு. மலையகத்தில் அப்படி அல்ல. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை குடும்பங்களை இரண்டு நாடுகளுக்குப் பங்கிட்டது. எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாதிருப்பது இங்கே ஒரு வரலாற்று உண்மை. கிளாக்கரின் கவனக்குறைவு வேறு உண்மை. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்ட ஒரு பட்டியலைக் கொண்டு, ஆவணம் வழங்கும் நடமாடும் சேவை யாருக்குத் தேவை என்று யாரும் தீர்மானிக்க முடியாது. ஒராக்கிளில் எழுதுபவர் ‘அட்டை இல்லை எனத் தெரிந்தது’ என்று தனிக் கட்டமே வைக்க வேண்டும். ஒரு கட்டம் கூடும். அதைச் செய்யத்தான் வேண்டும்.

இலவசம் எதுவரை

எஸ்.க்யூ.எல். சர்வருக்கு எக்ஸ்பிரஸ் என்று ஓர் இலவசப் பதிப்பு உண்டு. 2010 முதல் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு வரை அதில் ஒரு தரவுத்தளம் 10 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. போதுமா என்று கணக்கிடலாம். ஆயிரம் தொழிலாளர், ஆண்டுக்கு 300 வேலை நாள், நாளுக்கு மூன்று நிறுவை: 9 இலட்சம் வரி. வரிக்கு 100 பைட் என்றால் 90 மெகாபைட். சுட்டிகளுக்கும் மற்றவற்றுக்குமாக அதை இரட்டிப்பாக்கினாலும் ஆண்டுக்கு 180. ஒரு தோட்டத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் தாங்கும்!

ஆனால் அதே மென்பொருள் பிடித்துப்போய், கம்பனி தன் பதினைந்து தோட்டங்களையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்கச் சொன்னால் ஆண்டுக்கு 2.7 ஜிகாபைட். நான்கு ஆண்டுக்குள் வாசல் மூடிக்கொள்ளும். ஆளுக்கு ஒரு படமும் ஆவணப் பிரதியும் உள்ளே போட்டால் இன்னும் சீக்கிரம். மென்பொருள் வெற்றி பெறும்போதுதான் விலைச்சீட்டு வெளியே வருகிறது. வணிக ரீதியாக இது அவர்கள் வகுத்த வழி. தொடங்குமுன்பே தெரிந்துகொண்டால் பாதகமில்லை.

இன்னொரு கண்ணி டெவலப்பர் பதிப்பு. மென்பொருள் எழுதிப் பழக 2016இலிருந்து இலவசம். அதியுயர் பதிப்பின் வசதிகள் அனைத்தும் அதில் திறந்திருக்கும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தன் மடிக்கணினியில் அதை நிறுவி, உலகின் பெரிய வங்கிகள் பாவிக்கும் அதே பொறியில் பழகலாம். அது உண்மையிலேயே பெரிய வரம். ஆனால் பழகிய வசதிகளில் சில தோட்டத்து ஆபிஸில் நிறுவும் எக்ஸ்பிரஸில் இருக்காது. முக்கியமாக, இரவில் தானாகவே காப்புப்பிரதி எடுக்கும் ஏஜன்ட் என்ற பகுதி எக்ஸ்பிரஸில் இல்லை. விண்டோஸின் நேர அட்டவணையைக் கொண்டு அதைத் தனியே அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் காப்புப்பிரதியே இருக்காது. வன்தட்டு பழுதாகும் நாள்வரை அது ஒருவருக்கும் தெரியவும் தெரியாது.

ஊவாவில் காப்புப்பிரதியை வேறு ஊரில் வைப்பதும் முக்கியம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. காணாமற்போனவர் எத்தனை பேர் என்பது முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்டு, நாட்கள் செல்லச் செல்லப் பன்மடங்கு குறைந்தது. எந்த லயத்தில் யார் என்ற பட்டியலின் பிரதி ஒன்று வேறு ஊரிலும் இருக்குமானால் அப்படிப்பட்ட நாளில் தேடுபவர்களின் கைக்கு உடனே வரும். முன்பதிவேட்டை நொடிக்கு நொடி வேறு ஊருக்கு அனுப்பி, அங்கே ஓர் இரட்டையைத் தயாராக வைத்திருக்கும் வசதி வணிகத் தரவுத்தளங்களில் மிக நேர்த்தியாக உள்ளது. ஒராக்கிளில் அது அதியுயர் பதிப்பு வாங்குபவருக்கு மட்டும்.

டொலரில் ஓர் உரிமம்

ஒராக்கிளின் அந்த அதியுயர் பதிப்பின் பட்டியல் விலை ஒரு செயலிக்கு 47,500 டொலர். சாதாரண சர்வர்களில் இரண்டு கோர்களை ஒரு செயலியாகக் கணக்கிடுவார்கள். எட்டுக் கோர் உள்ள சர்வருக்கு நான்கு உரிமம். பேரம் பேசிக் குறைப்பவர்கள் உண்டு. நாம் ஒரே உரிமத்தை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா: 95 இலட்சம். அதே ஆண்டு மே மாதம் ஏறத்தாழ 360: ஒரு கோடி 71 இலட்சம். உரிமத்தை ஒருமுறை வாங்கிவிட்டாலும், புதுப்பிப்புக்கும் உதவிக்கும் ஆண்டுதோறும் 22 சதவீதம் கட்ட வேண்டும்: 10,450 டொலர். ஏறத்தாழ 21 இலட்சமாக இருந்த கட்டணம் இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ 37½ இலட்சம் ஆனது. அந்த மாதங்களில் தேயிலை விற்ற டொலரை வைத்திருந்த கம்பனி சமாளித்திருக்கலாம். ரூபாவில் மட்டும் வருமானம் பெறும் பதுளை மென்பொருள் கடைக்கு வழியே இல்லை.

கட்டாமல் விட்டால் என்ன? மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. 2023 ஓகஸ்ட்டில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவை தகவலைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் பறிபோயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது 2013ஆம் ஆண்டின் மைக்ரோசொஃப்ட் மின்னஞ்சல் சர்வர். புதிய பதிப்புக்கு மாற 2021இலிருந்தே எண்ணியும் நிதி போதாமையால் தள்ளிப்போனது என்று பொறுப்பான அரச முகவர் நிறுவனம் விளக்கியது. அது தரவுத்தளம் அல்ல, மின்னஞ்சல் சர்வர். ஆனால் விலைகொடுத்து வாங்கும் மென்பொருளை எடுத்துக்கொள்ளும் எவரும் அதே இக்கட்டுக்குள்தான் நுழைகிறார்கள்: சில ஆண்டுக்கு ஒருமுறை பதிப்பு மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும், ஒதுக்க முடியாத ஆண்டில் கதவு திறந்து கிடக்கும்.

வெளியே வரும் வழி

அப்படியானால் இலவசத் தரவுத்தளத்துக்கு மாறிவிடலாமே? போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இருக்கிறது. 1986இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. உரிமக் கட்டணம் கிடையாது, பரிவர்த்தனைகளில் உறுதியானது, 30 என்று சொன்னால் 30 குறியெண் என்றே எடுத்துக்கொள்கிறது. இன்று ஒருவர் புதிதாகத் தோட்டச் சம்பள மென்பொருள் எழுதத் தொடங்கினால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஆனால் ஏற்கெனவே ஒன்றில் கட்டியதை மாற்றுவது வேறு வேலை.

தகவலை எடுத்துப் போவது எளிது. தரவுத்தளத்துக்குள் எழுதி வைத்த விதிகளை எடுத்துப் போவதுதான் கடினம். ஒராக்கிளும் எஸ்.க்யூ.எல். சர்வரும் கேள்வி கேட்கும் மொழியோடு நிரல் எழுதும் மொழி ஒன்றையும் தருகின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அதில் எழுதிய உள்நிரல் வேகமாக ஓடும், எழுதவும் வசதியாக இருக்கும். சம்பளக் கணக்கு முழுவதையும் அங்கேயே எழுதிவிட ஆசை வரும். எழுதினால், நாளைக்கு வேறு தரவுத்தளத்துக்குப் போக ஒவ்வொரு வரியையும் மறுபடி எழுத வேண்டும். விலையேற்றத்தை மறுக்கும் பலம் அப்போது வாங்கியவர் கையில் இருக்காது.

நம் இளைஞர் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 900 ரூபாவும் 100 ரூபா நிவாரணப் படியுமாக 1,000 ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350. இவற்றை உள்நிரலுக்குள் எண்களாக எழுதாமல், ‘எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு, எந்த வகை’ என்று ஒரு சிறு அட்டவணையாக வைக்கட்டும். சேமலாப நிதியின் 8, 12 சதவீதங்களும் அதே மாதிரி. பழைய மாதத்தின் நிலுவையைக் கணக்கிட வேண்டியிருந்தால் மென்பொருள் அந்தத் தேதிக்குரிய வரியைத் தேடி எடுத்துக்கொள்ளும். எந்தத் தரவுத்தளத்துக்கும் இந்த அட்டவணை அப்படியே பெயரும். அடுத்த வர்த்தமானி வரும் நாளில் பதுளைக்குத் தொலைபேசி எடுக்கத் தேவையில்லை. தோட்டத்துக் கிளாக்கரே புதிய தேதியையும் தொகையையும் ஒரு வரியாகத் தட்டிவிட்டு அன்றைய செக்ரோலைத் திறக்கலாம்.